சூதும் நமது கடமையும்

(செஞ்சியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் சூதாட்டத்தைப் பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசியார் கேட்டுக்கொண்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். கல்வி, விவாகச் செலவு, மாணவர் விடுதி முதலிய விஷயங்களையே பேசிப் பழகிய மேடை இது. நம்மவர் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசப்படும் ஒரு விஷயத்தை இங்கே எடுத்துரைப்பது தகுமோ என்று எண்ணினோம். ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தத் தயக்கமே இதைப் பேச வேண்டியதற்குக் காரணம் என்பது விளங்கிற்று. ஆதலின் துணிந்து வந்து நிற்கிறோம். சொல்லில் குற்றமிருப்பின் பொறுத்தருள்வீர்களாக.

செஞ்சிச் சீமையில் பிறந்தவர்க்குச் சூதின் கதை புதிதன்று. மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகக் கொண்டாடும் ஊர்கள் இப்பக்கத்தில் பல உண்டு. பாரதம் படித்து, கூத்து ஆடி, தீ மிதித்து நிறைவேறும் விழாவில், பகடையும் துகிலுரிதலும் நடக்கும் இரவில் கண்ணயர்ந்தவர் எவரேனும் உண்டோ? சிறுவயதில் பாயை விரித்து முன்வரிசையில் அமர்ந்து பார்த்தபோது நமக்கு விளங்காத ஒன்று, வயது சென்ற பிறகு விளங்கிற்று. பணயம் வைத்தவன் துரியோதனன். பகடை உருட்டியவன் சகுனி. தருமர் எதிரில் கண்டது ஒருவனை, ஆடியது வேறொருவனோடு. இக்காலத்துக் கைப்பேசிச் சூதின் இலக்கணம் பெரும்பாலும் இதிலே அடங்கியிருக்கிறது.

நம் பாட்டன்மார் காலத்துச் சூதுக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் இருந்தன. காணும் பொங்கலன்று ஏரிக்கரைப் புளியமரத்தடியில் துண்டை விரித்து மங்காத்தா ஆடுவார்கள். மூன்று சீட்டு வைப்பார்கள். காவலுக்கு ஒரு பையன் நிற்பான். போலீஸார் வருவது தெரிந்தவுடன் அவன் சீழ்க்கை அடிப்பான். துண்டும் சீட்டும் காசும் ஒருங்கே மறையும். ஆடியவர் யார், தோற்றவர் யார் என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மனைவிக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், கடன் கொடுக்கும் மளிகைக்காரருக்கும் தெரியும். அந்த வெட்கமே பாதி வேலியாக நின்றது.

1930ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டமும் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு எழுந்தது. பொதுச் சூதாட்ட இல்லம் எது, அதை நடத்துபவன் யார், எந்த அதிகாரியின் உத்தரவோடு உள்ளே நுழையலாம், அங்கே சீட்டும் பகடையும் அகப்பட்டால் அதைக்கொண்டு என்ன ஊகிக்கலாம் என்பனவே அதன் முக்கியமான ஷரத்துக்கள். திறமையால் மாத்திரம் ஆடப்படும் ஆட்டத்துக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. 1967இல் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மி ஆட்டம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று கூறிற்று. 1996இல் சென்னைக் குதிரைப் பந்தயத்தைப் பற்றிய வழக்கிலும் அவ்வாறே தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்னும் இக்கேள்வியைச் சுற்றியே பல ஆண்டுகள் சட்டம் நடை போட்டது. வீடு ஒன்று இருக்கும், அதற்கு ஒரு வாசல் இருக்கும் என்று நம்பி எழுதிய சட்டம் அது. வாசலே இல்லாத வீடு ஒன்று வரும் என்று 1930இல் யார் நினைத்தார்?

சூது உருமாறி வந்த வழியை நமது மாவட்டமே கண்டிருக்கிறது. 1968இல் தமிழ்நாட்டு சர்க்காரே லாட்டரிச் சீட்டு நடத்தத் தொடங்கிற்று. 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லாட்டரி விற்பனை முழுதும் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டது. கடைத்தெருவில் தோரணம் போலத் தொங்கிய சீட்டுக்கள் மறைந்தன. ஆனால் ஆசை மறையவில்லை. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துக் கள்ளத்தனமாக நடக்கும் மூன்று எண் சூது முளைத்தது. அதற்கு அச்சடித்த காகிதமும் வேண்டாம், கடையும் வேண்டாம்; கைப்பேசியில் ஒரு செய்தி போதும். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் விழுப்புரத்தில், இச்சூதில் பொருளிழந்து கடன்பட்ட ஒரு குடும்பம் சிறு பிள்ளைகளோடு மாண்டுபோன செய்தி நாடெங்கும் பரவிற்று. செஞ்சியிலிருந்து விழுப்புரம் எவ்வளவு தூரம்? நெல் விற்கவும் வழக்காடவும் நாம் போய்வரும் ஊர் அது. அச்செய்தியைப் படித்தபோது நம்மில் எத்தனை பேர், இது நம் வீட்டுக்கும் வரக்கூடும் என்று எண்ணினோம்?

நிற்க. ஆன்லைன் ரம்மி முதலிய பண ஆட்டங்கள் பரவிய விதத்தைச் சற்று விவரிப்போம். நமது செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லைப் போட்ட குடியானவருக்குப் பணம் இக்காலத்தில் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வந்த பணத்தின் சாவி கைப்பேசியில் இருக்கிறது. சூதாடும் மேசையும் அதே கைப்பேசியில் இருந்தது. கடன் தருகிறோம் என்று கூவும் செயலிகளும் அதே கைப்பேசியில் இருந்தன. பெட்டியும் பகடையும் அடகுக்கடையும் ஒரு கையகலப் பலகையில் வந்து கூடினால், புளியமரத்தடிக்குப் போகும் தூரத்தில் மனம் மாறித் திரும்புவதற்கு வழி ஏது? பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாமல், போர்வைக்குள் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒருவன் தன் நிலத்தைத் தோற்கலாம் என்றாயிற்று.

கம்பெனி ஆடுவதில்லையே, ஆடுபவர் ஒருவரோடொருவர் தாமே ஆடுகின்றனர், இதில் மோசம் என்ன என்று சில வாலிபர் கேட்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்தால் 600 ரூபாய். நடத்துபவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டம் முடிந்ததும் ஆறு பேரிடத்தும் சேர்ந்து இருப்பது 540 ரூபாய். அதையே திரும்பத் திரும்பப் பணயமாக வைத்துப் பத்து ஆட்டம் ஆடினால், எஞ்சுவது ஏறக்குறைய 209 ரூபாய். அந்த ஆறு பேரில் யார் கெட்டிக்காரர், யார் ஏமாளி என்பது அவர்களுக்குள் உள்ள வழக்கு. மேசைக்குச் சொந்தக்காரருக்கு இரண்டும் ஒன்றே. பகல் முழுதும் ஆறு பேர் ஏற்றம் இறைக்க, மடை திறந்திருக்கும் வயல் ஒன்றே. புளியமரத்தடியில் ஒரு நாளைக்கு இருபது ஆட்டம் நடந்தால் அதிகம். கைப்பேசியில் ஓர் இரவுக்குள் அதற்கு மேலும் நடக்கும். ஆகையால் திறமையா, அதிர்ஷ்டமா என்னும் கேள்வியோடு, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்னும் கேள்வியும் எழுந்தது.

இதிலும் நுட்பமான விஷயம் ஒன்றுண்டு. புளியமரத்தடியில் சீட்டுப் போடுபவனுக்கு எதிரில் இருப்பவனின் முகம் மாத்திரமே தெரியும். யந்திரத்துக்கோ அவன் எந்த மணிக்கு வருகிறான், தோற்றவுடன் பணயத்தை இரட்டிப்பாக்குகிறானா, சம்பள நாளன்று எவ்வளவு போடுகிறான், எத்தனை நாள் வராமல் இருந்தான் என்பவை யாவும் ஏட்டில் எழுதியது போலத் தெரியும். இந்தக் கணக்கைக் கொண்டு, இவன் நோயாளியாகிக்கொண்டிருக்கிறான் என்று முன்னதாகவே கண்டுகொண்டு தடுக்கலாம். இதே கணக்கைக் கொண்டு, இவன் மூன்று நாளாக வரவில்லை, இனாமாக நூறு ரூபாய் காட்டி அழைப்போம் என்று தூண்டிலும் போடலாம். கண் ஒன்றே, அது யார் பக்கத்தில் நின்று பார்க்கிறது என்பதே வேறுபாடு. இக்காலத்துச் சூதாட்டச் சட்டங்களின் உள்ளே நடக்கும் போராட்டமெல்லாம் இந்தக் கண்ணை ஆடுபவனின் பக்கம் திருப்புவதற்கான போராட்டமே எனலாம்.

நமது மாநிலத்தில் அப்போராட்டம் நடந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுவோம். 2020ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை அடியோடு தடுத்தது. அது பின்னர் 2021இல் சட்டமாயிற்று. திறமை ஆட்டத்தையும் சேர்த்துத் தடுத்தது அளவுக்கு மீறியது என்று சென்னை ஹைக்கோர்ட்டு 2021 ஆகஸ்டு 3ஆம் தேதி அதைத் தள்ளிவிட்டது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையில் 2022 ஜூனில் ஒரு குழு அமைந்தது. தற்கொலைத் தடுப்புப் பணியில் பேர்பெற்ற மனநல வைத்தியர் லட்சுமி விஜயகுமார் அவர்களும் அதில் இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. போலீஸாரும் வக்கீல்களும் மாத்திரமே பேசிவந்த விஷயத்தில் வைத்தியருக்கும் இடம் கிடைத்தது. அக்குழுவின் அறிக்கையைத் தழுவி 2022 அக்டோபரில் சட்டசபையில் மசோதா நிறைவேறிற்று. கவர்னர் அதைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் அவரது ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஹைக்கோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியலிட்டது செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

தடுக்க முடியாததை ஒழுங்குபடுத்துவோம் என்று, அச்சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளை நமது தாய்மார்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் பணம் வைத்து ஆடலாகாது. ஆடுபவர் யாரென்பதை ஆதார் கொண்டு சரிபார்த்து, அதனோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணாலும் உறுதி செய்ய வேண்டும். நாளுக்கும் வாரத்துக்கும் மாதத்துக்கும் பண வரம்பு வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால், அரைமணிக்கு ஒருமுறை, இவ்வளவு நேரம் ஆடினாய், இவ்வளவு செலவாயிற்று என்று எச்சரிக்கை தோன்ற வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை ஆட்டத்துக்குள் எவரும் நுழையக் கூடாது. கம்பெனிகள் இவற்றை எதிர்த்து வழக்காடின. ஜனங்களின் சுகாதாரத்தைக் காப்பது மாநில சர்க்காரின் கடமை என்று கண்டு, ஹைக்கோர்ட்டு 2025 ஜூன் 3ஆம் தேதி அவ்விதிகளை ஏற்றுக்கொண்டது.

அரைமணிக்கு ஒரு சொல், இரவில் ஐந்து மணி நேரப் பூட்டு, இவை பெரிய காரியமோ என்று எண்ணலாம். ராஜகிரியில் ஏறியவர்களைக் கேட்கிறோம். உச்சிக் கோட்டைக்குப் போகுமுன் பாறை பிளந்து கிடக்கும் இடம் ஒன்று உண்டல்லவா? அதன்மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள், வேண்டாதபோது எடுத்துவிடுவார்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை முற்றுகையிட்டும் இம்மலை தாங்கி நின்றதற்கு உயர்ந்த மதில்கள் மாத்திரம் காரணமல்ல. இத்தகைய சிறு இடைவெளிகளும் காரணம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ சபை மராட்டியரின் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது நமது கோட்டையும் அவற்றுள் ஒன்றாயிற்று. அதைப் பார்க்க வருவோர்க்கு அந்த இடத்தை நாம் தவறாமல் காட்டுகிறோம். சூதில் வெறி ஏறியவனுக்கும் கைக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு பிளவு வேண்டும். தோல்விக்கும் அடுத்த பணயத்துக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரம் கிடைத்தால், அந்த நேரத்தில் அறிவு திரும்பக்கூடும். அந்த நேரத்தைப் பறித்தது யந்திரம். அதைத் திருப்பித் தரவும் யந்திரத்தாலேயே முடியும்.

இவ்விதிகள் வந்து சில மாதத்துக்குள் நிலைமை மறுபடி மாறிற்று. 2025 ஆகஸ்டு 20ஆம் தேதி லோக்சபையிலும், மறுநாள் ராஜ்யசபையிலும் ஒரு மசோதா நிறைவேறி, 22ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவாயினும், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், அதை நடத்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் 50 லட்சம் வரை அபராதமும் அதிற் கண்டன. அவ்வாட்டங்களுக்குப் பணம் கடத்தித் தரும் வங்கி முதலியவற்றுக்கும் தண்டனை உண்டு. பேர்பெற்ற ரம்மிக் கம்பெனிகள் அந்த மாதத்திலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகளும் கோர்ட்டுகளுக்குச் சென்றன.

இச்சட்டத்தில் ஓர் அம்சத்தைப் பெரியோர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், ஆன்லைன் சூது ஆடுபவனுக்கும் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடந்தந்தது. 2025ஆம் ஆண்டு மத்திய சட்டமோ ஆடுபவனுக்குத் தண்டனை ஏதும் விதிக்கவில்லை. நடத்துபவனையும், தூண்டுபவனையும், பணம் கடத்துபவனையும் குற்றவாளி என்றது. ஆடி இழந்தவனைப் பாதிக்கப்பட்டவன் என்று கருதிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தடை வந்தது, தீமை ஒழிந்தது என்று படுத்துறங்குவதற்கில்லை. லாட்டரிக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்கிறது. கடல் கடந்த தேசங்களில் இருந்துகொண்டு நடத்தும் பந்தயத் தளங்கள், பூட்டப் பூட்ட வேறு பெயரில் முளைக்கின்றன. மத்திய சர்க்கார் ஆயிரத்துக்கு மேற்பட்ட தளங்களைத் தடுத்திருக்கிறது. ஒன்றைத் தடுத்தால், எழுத்தில் ஒரு புள்ளி மாறி இன்னொன்று வரும். அங்கே ஆதார் இல்லை, வரம்பு இல்லை, இரவுப் பூட்டு இல்லை. வென்றதாகக் காட்டிய பணத்தைக் கேட்டால் பதிலும் இல்லை. இத்தளங்கள் பணத்தைக் கடத்துவதற்கு நம் நாட்டு ஏழை வாலிபர்களின் வங்கிக் கணக்கைக் கூலிக்கு வாங்குகின்றன. மாணவ நண்பர்களே! சில ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் கணக்கையும் சிம் கார்டையும் எவனுக்கேனும் கொடுத்தால், போலீஸார் முதலில் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவையே. அந்தச் சகுனியின் பகடைக்கு உங்கள் கையைக் கடன் கொடாதீர்கள்.

பிற தேசங்களில் என்ன செய்கின்றனர் என்பதையும் சிறிது பார்ப்போம். நம் உறவினர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் 2010இல் இரண்டு பெரிய சூதாட்ட மாளிகைகள் திறக்கப்பட்டன. அவ்வூர்ப் பிரஜைகள் உள்ளே நுழைவதற்கே கட்டணம் உண்டு. 2019 முதல் அது நாளொன்றுக்கு 150 வெள்ளி. அதனினும் மேலானது, குடும்ப விலக்கு உத்தரவு என்பது. கணவன் சூதில் அழிகிறான் என்று கண்ட மனைவி தானே விண்ணப்பித்து, விசாரணைக்குப் பின் அவனை உள்ளே விடாதபடி உத்தரவு பெறலாம். பிரிட்டனில், தன்னைத் தானே விலக்கிக்கொள்ள விரும்புபவன் ஒரே இடத்தில் பெயரைப் பதிந்தால், லைசென்சு பெற்ற ஆன்லைன் கம்பெனிகள் அனைத்தும் அவனை விலக்க வேண்டும் என்னும் விதி 2020இல் கட்டாயமாயிற்று. அதே ஆண்டு ஏப்ரலில் கடன் அட்டையால் சூதாடுவதும் அங்கே நிறுத்தப்பட்டது. இவ்விரண்டு தேசங்களும் சூதை முழுதும் ஒழிக்கவில்லை. ஆனால் நோயுற்றவனுக்கு, கதவைச் சாத்துங்கள் என்று சொல்ல ஒரு வழியும், அவன் வீட்டாருக்கு ஒரு குரலும் ஏற்படுத்தின. இந்தக் குரலே நம்மிடத்தில் இல்லாதது.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நமது கல்வி நிதியிலிருந்து உறுப்பினர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கடன் வாங்கினார். மூன்று தவணை கட்டினார், நான்காவது தவறிற்று. நிர்வாகக் குழுவில் அப்போது நாமும் இருந்தோம். கடிதம் எழுதினோம், ஆள் அனுப்பினோம், கலியாணப் பந்தியில் கண்டபோது பத்துப் பேர் முன்னிலையில் கேட்டோம். கடைசியில் அவர் மனைவி வந்து, பணம் கல்லூரிக்குப் போகவில்லை, கைப்பேசியில் ரம்மி ஆடித் தோற்றார் என்று சொல்லி அழுதார். சொன்னால் இரக்கம் கிடைக்கும் என்று நம்பியே அந்த அம்மாள் வந்தார். நாம் என்ன செய்தோம்? சூதினால் கடன்பட்டுத் தவணை தவறியவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்னும் விதியை எடுத்தோம், நீக்கினோம். அவர் ஊரைவிட்டுப் போனார். திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் மைத்துனர் கண்டுபிடித்து அழைத்துவந்தார். வைத்தியம் செய்துகொண்டு இப்போது வேலைக்குப் போகிறார். ஆனால் தந்தையின் பெயர் நீங்கிய காரணத்தால் அப்பெண்ணுக்கு அவ்வாண்டு நமது உதவித்தொகை கிடைக்கவில்லை. ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. பணத்தைத் தோற்றவர் தந்தை. அந்த ஓர் ஆண்டைத் தோற்பித்தவர்கள் நாம். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாயிருக்கிறது; சொல்லாதிருந்தால் இன்னும் வெட்கம்.

அவ்விதியை எழுதிய முன்னோர்கள் அறியாதவர்களல்லர். புளியமரத்தடிச் சூதுக்கு ஊர் வெட்கம் வேலியாக இருந்த காலத்தில், அந்த வேலியை இன்னும் உயர்த்தினார்கள். போர்வைக்குள் நடக்கும் சூதுக்கு அதே வெட்கம் வேலியாகாது, திரையாகிறது. பெயர் நீங்கும் என்று அஞ்சுபவன் ஆட்டத்தை விடுவதில்லை, மறைக்கிறான். மறைக்க மறைக்கக் கடன் ஏறுகிறது. சொல்ல வேண்டிய மனைவியும், பிள்ளைகளின் உரிமை போய்விடுமே என்று வாயை மூடிக்கொள்கிறாள். நாட்டின் சட்டமே ஆடி இழந்தவனைத் தண்டியாமல் விட்டிருக்க, நமது சங்கத்தின் விதி அவனையும் அவன் மக்களையும் தண்டிப்பது நியாயமாகுமா?

திருவள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்குப் பின் சூது என்னும் அதிகாரத்தை வைத்தார். அதற்கடுத்த அதிகாரம் மருந்து. அந்த வைப்பின் கருத்தை உரைகாரர் எவ்வாறு கொண்டாலும் கொள்க. நமக்கு அது ஒரு வழி காட்டுகிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் தனது நோய்ப் பட்டியலில் சூதாட்ட வெறியை ஒரு நோயாகச் சேர்த்திருக்கிறது. நோய் என்றவுடன் குற்றமே இல்லை என்று சொல்லவில்லை. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் நோயாளியை ஊரைவிட்டு ஓட்டுவது வைத்தியமாகாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கடனை அடைத்துவிடுவதும் வைத்தியமன்று. பாரதத்தில் இரண்டாம் சூது என்று ஒன்று வருகிறதே, அதை மறக்கலாகாது. முதற் சூதில் இழந்த அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்தான். நாடும் கிடைத்தது, செல்வமும் கிடைத்தது. மறுபடி அழைத்தார்கள், தருமர் மறுபடி போனார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் வந்தது அந்த இரண்டாம் ஆட்டத்தினாலேயே. மாமனார் நிலத்தை விற்று மருமகனின் கடனை ஒரே நாளில் அடைத்து, கைப்பேசியை அவன் கையிலேயே விட்டுவிடும் வீடுகளில் நடப்பது அந்த இரண்டாம் சூதே.

ஆதலின் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுகிறோம். வீட்டில் ஒருவர் இவ்வலையில் அகப்பட்டதாகத் தெரிந்தால், முதலில் பணத்தின் சாவியை அவர் சம்மதத்தோடு மற்றொருவரிடம் மாற்றுங்கள். வங்கியில் கேட்டு நாள் வரம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடனை அடைப்பதானால் அவர் கையில் கொடாமல், கொடுத்தவருக்கே தவணையாகக் கொடுங்கள். இரவில் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும், படுக்கையில் வேண்டாம். இந்த விதி பிள்ளைகளுக்கு மாத்திரமன்றிப் பெற்றோர்க்கும் ஆகட்டும். மனம் உடைந்து விபரீதமாகப் பேசினால் தனியே விடாதீர்கள்; 14416 என்னும் எண்ணில் சர்க்காரின் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கும். மோசடியில் பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். மணிக்கணக்கில் காத்திருந்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும். பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆயினும் நினைவில் வைக்க அது உதவும்.

சங்கத்துக்கு நாம் பணிவுடன் முன்வைக்கும் பிரேரணை நான்கு பகுதியுடையது. சூதினால் தவணை தவறியவர்க்குப் புதிய கடன் நிறுத்தப்படலாம்; ஆனால் அவர் பெயரை நீக்கலாகாது, அவர் மனைவி மக்களுக்குரிய உதவியை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. கல்வி நிதிப் பணம் இனிமேல் எவர் கையிலும் கொடுக்கப்படாமல் நேரே கல்லூரிக்கே செலுத்தப்பட வேண்டும். இத்தகைய துயரத்தை அந்தரங்கமாகக் கேட்டு ஆலோசனை சொல்ல, பெரியோர் இருவரும் தாய்மாரில் ஒருவரும் அடங்கிய சிறு குழு அமைய வேண்டும். அவர்கள் கேட்டது நிர்வாகக் குழுவுக்கும் எட்டலாகாது. முன்பு இவ்விதியால் நீங்கியவர்களின் பெயர்களை மறுபடி சேர்க்க வேண்டும். வருஷாந்திர மகாசபையில் இதை வாக்குக்கு விடுமாறு வேண்டுகிறோம். எதிர்ப்பவர்கள் எதிர்த்துப் பேசட்டும், அதுவும் நலமே.

ஏனெனில் அஸ்தினாபுரத்துச் சபையில் பெருங்குற்றம் பகடையில் மாத்திரம் இல்லை. பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார். கற்றவரும் மூத்தவரும் நிறைந்த சபை அது. விதுரர் முன்னமே எச்சரித்தார். திரௌபதி கேட்ட கேள்விக்கு எழுந்து நியாயம் பேசியவன், அந்தக் கூட்டத்தில் வயதில் இளைய விகர்ணன். மற்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் கூத்தில் அக்காட்சியைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

நம் பதிவேட்டைவிட்டு நீங்கிய அந்தக் குடும்பத்தின் மகள் இப்போது படிப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாள். மகாசபை நடக்கும் நாளில் அவளும் அவள் தாயாரும் இந்த மண்டபத்தில் நம்மோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நமது விருப்பம். அவர்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு அன்றேனும் நாம் தலை நிமிர்ந்து விடை சொல்லுவோமாக.